கண்ணும் கங்காணியும்: வீட்டுக் கேமரா பற்றிச் சில குறிப்புகள்

1

‘கண்காணிப்பு’ என்ற சொல்லை எழுதிவிட்டு நாம் சுலபமாக அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான்: கங்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் தன் ஊர்க்காரர்களையும் தன் சாதிசனத்தையும் முன்பணம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனவன். போன இடத்தில் அவர்கள் மேலேயே கண் வைத்து நின்றவன். எத்தனை தலை வேலைக்கு வந்ததோ அத்தனை தலைக்கும் காசு வாங்கியவன். அவன் துரையுமில்லை, கூலியுமில்லை. கூலிகளுக்கு நடுவில் நிறுத்தப்பட்ட துரையின் கண். கூலிக்குத் தெரிந்த மொழியில் ஏசக்கூடிய கண்.

‘காவல்’ வேறு சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்று ஒரு வரியே இருக்கிறது. தென்மாவட்டங்களில் பின்னாளில் நடந்த காவல் முறையில், ஊருக்குக் காவல் நின்றவர் அறுப்புக்களத்தில் நெல் அளந்து வாங்கினார். பொருள் களவு போனால் மீட்டுத் தர வேண்டும், மீட்க முடியாவிட்டால் ஈடு தர வேண்டும். இந்த முறையைப் புனிதப்படுத்தத் தேவையில்லை. காவல் கூலி கொடுக்காத வீட்டில்தான் மாடு காணாமல் போகும் என்பதும் அதற்குள் இருந்த சங்கதிதான். ஆங்கில அரசு அந்த முறையை ஒழிக்கிறேன் என்று கிளம்பி, 1911க்குப் பிறகு குற்றப்பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணத்தில் அமல்படுத்தி, சில சாதிகள் முழுவதையும் கைரேகைப் பதிவேட்டுக்குள் அடைத்தது. காவல் நின்றவர்கள் கண்காணிக்கப்படுபவர்களாக ஆன கதை அது.

எனக்கு இங்கே வேண்டியது ஒரு வித்தியாசம் மட்டும். காவலில் பொறுப்பு உண்டு. கண்காணிப்பில் பார்வை மட்டும் உண்டு, பொறுப்பு கிடையாது. வீட்டு வாசலில் மாட்டிய கேமரா களவு போன பித்தளை அண்டாவைத் திருப்பித் தராது. தூக்கிக்கொண்டு போனவனின் முதுகைக் காட்டும், அவ்வளவுதான்.

அதன் கீழே தொங்குகிற பலகையைப் பாருங்கள்: ‘நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்.’ சுத்தமான செயப்பாட்டு வினை, கருத்தா இல்லை. யாரால் கண்காணிக்கப்படுகிறேன்? வீட்டுக்காரராலா, துபாயில் இருக்கும் அவர் மகனாலா, கேமரா மாட்டிக்கொடுத்த பையனாலா, போலீஸ் ஸ்டேஷனாலா? இலக்கண வகுப்பில் ‘கருத்தா மறைந்து வந்தது’ என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். தெருவில் அப்படி விட முடியாது. கேமரா வேண்டுமா வேண்டாமா என்பதல்ல இக்கட்டுரையின் கேள்வி. அதில் பதிவானதை யார் பார்க்கலாம், யார் அழிக்கலாம், யார் கேட்டு வாங்கலாம் என்பதுதான்.

2

வாலாஜாபாத்தில் யார் ஏன் கேமரா மாட்டுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். பயந்தாங்கொள்ளி நடுத்தர வர்க்கம் என்று ஒரு வரியில் ஏளனம் செய்துவிட்டுப் போவது நம் வழக்கம். அது உதவாது. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற கம்பெனி பஸ்கள் விடிவதற்கு முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. புருஷன் ஒரு ஷிப்ட், பெண்டாட்டி ஒரு ஷிப்ட். பகலில் வீடு பூட்டிக் கிடக்கிறது, அல்லது வயசான அம்மா தனியாக இருக்கிறாள். ‘ஒண்ணும் புடிக்காட்டியும் பரவால்ல, கேமரா இருக்குன்னு ஒரு பயம் இருக்கும்ல’ என்கிறார்கள். இந்தப் பயம் கற்பனை அல்ல.

2016 ஜூன் 24 அன்று காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் சுவாதி வெட்டிக் கொல்லப்பட்டபோது அந்த நிலையத்தில் கேமரா இல்லை. பக்கத்துக் கட்டடங்களின் கேமராக்களில் கிடைத்த படங்களைத்தான் போலீஸ் வெளியிட்டது. தமிழ்நாட்டின் வீட்டுக் கேமராவுக்கு ஒரு தொடக்கப்புள்ளி தேடினால் அந்தக் காலையைச் சொல்லலாம். அடுத்த ஆண்டிலிருந்து சென்னைப் போலீஸ் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில், வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் தத்தம் செலவில் தெருவைப் பார்த்துக் கேமரா மாட்ட வேண்டும் என்று இயக்கமே நடத்தியது. சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா என்று கணக்குச் சொல்லி, உலக நகரங்களிலேயே சென்னைக்கு முதலிடம் கொடுத்தது சர்ஃப்ஷார்க் என்ற தனியார் நிறுவனம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அரசு செய்ய வேண்டிய காவல், குடிமக்கள் தம் காசில் செய்யும் கண்காணிப்பாக மாறியது. நகரத்துக் காற்று மாவட்டங்களுக்கும் வர ரொம்ப நாளாகவில்லை.

மாட்டுகிற வேலை அரைநாள்தான். நாலு கேமரா, ஒரு டிவிஆர் பெட்டி, அதற்குள் ஒரு ஹார்ட் டிஸ்க், ஒயர், பவர் சப்ளை. பெட்டியை வீட்டு இன்டர்நெட்டில் சொருகி, அதன் மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்தால், எங்கிருந்தாலும் வாசல் தெரியும். இந்த ‘எங்கிருந்தாலும்’ எப்படி நடக்கிறது? வீட்டு ரௌட்டரைத் தாண்டி வெளியாள் யாரும் நேராக உள்ளே வர முடியாது. ஆகவே டிவிஆர் தானாகக் கம்பெனியின் சர்வரைக் கூப்பிட்டு ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. போனும் அதே சர்வரைக் கூப்பிடுகிறது. சர்வர் இரண்டையும் சேர்த்துவைக்கிறது. நேர்வழி அமையாதபோது படமே அந்த சர்வர் வழியாகத்தான் போகிறது. ஒரகடம் கேன்டீனிலிருந்து வாலாஜாபாத் வாசலைப் பார்ப்பவர், நடுவில் இருக்கும் மூன்றாம் ஆளின் தயவில் பார்க்கிறார்.

கடைசியாக டெக்னீஷியன் கேட்கிறான்: ‘அட்மின் யாரு நம்பர்ல போடறது சார்?’ இந்த ஒரு கேள்வியில் வீட்டின் அதிகாரக் கட்டமைப்பு முழுக்க வெளியே வந்துவிடுகிறது. நம்பர் ஆம்பிளையுடையது. பகல் முழுக்க அந்த நாலு கேமராவுக்கும் முன்னால் பெருக்கி, துவைத்து, கோலம் போட்டு, வாசலில் நின்று பேசுகிற பெண்ணின் போனில் அது இல்லை. இருந்தாலும் பார்க்கிற உரிமை மட்டும் இருக்கும், அழிக்கிற உரிமையும் மாற்றுகிற உரிமையும் இருக்காது. ஒருவர் பார்ப்பவராக, மற்றவர்கள் பார்க்கப்படுபவர்களாக, ஒரே கூரைக்குக் கீழே இரண்டு தன்னிலைகள் அரை நாளில் உருவாகிவிடுகின்றன. லைனில் எட்டு மணிநேரம் கம்பெனிக் கேமராவுக்குக் கீழே நிற்கிற தொழிலாளி, அதே கண்ணைத் தவணையில் வாங்கித் தன் வீட்டில் மாட்டி, டீ பிரேக்கில் மனைவியைப் பார்க்கிறான். கங்காணி கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை.

பாஸ்வேர்ட் விஷயமும் இதில் சேர்ந்ததே. மாட்டியவன் போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவதுதான் பெரும்பாலும் நடப்பு. 2016இல் ‘மிராய்’ என்ற நச்சு நிரல், கம்பெனியிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் உலகெங்கும் பிடித்துப் படையாகத் திரட்டியது. அந்த அக்டோபரில் அமெரிக்காவின் முக்கிய இணையத் தளங்கள் பலவற்றை முடக்கியது அந்தப் படைதான். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறைக் காட்சிகள் திருடப்பட்டு டெலிகிராமில் விற்பனைக்கு வந்தது தெரிந்தது. சோதனைக்குப் போன பெண்களின் உடல்கள் அவை. 2025 ஏப்ரலிலிருந்து, பாதுகாப்புச் சோதனையில் தேறிய கேமராக்களைத்தான் இங்கே விற்க வேண்டும் என்று மத்திய அரசு விதி வைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் டிவிஆர் பெட்டியின் மேலேயே பாஸ்வேர்டைப் பேனாவால் எழுதி ஒட்டிவைக்கும் வீட்டுக்கு எந்தச் சோதனையும் வராது.

3

இந்த இடத்தில் பனாப்டிகானை இறக்காமல் எழுத நம்மால் முடியாது போலிருக்கிறது. பெந்தம் 1791இல் அச்சிட்ட சிறைத்திட்டத்தை ஃபூக்கோ 1975இல் எடுத்துப் பேசினார். நம் சிறுபத்திரிகைகளில் அது கொஞ்ச காலம் மந்திரம்போலவே உச்சரிக்கப்பட்டது. நடுவில் ஒரு கோபுரம், சுற்றிலும் அறைகள். கோபுரத்தில் ஆள் இருக்கிறானா இல்லையா என்பது கைதிக்குத் தெரியாது. தெரியாததால் எப்போதும் பார்க்கப்படுவதாகவே நடந்துகொள்வான்.

நம் ஊர்த்தெருவுக்கு இது அப்படியே பொருந்தாது. ஊரில் பார்ப்பவன் மறைந்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னவனும் சைக்கிளைவிட்டு இறங்கச் சொன்னவனும் கோபுரத்தில் ஒளிந்துகொண்டு சொல்லவில்லை, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சொன்னான். தான் பார்ப்பது தெரிய வேண்டும் என்பதே அந்தப் பார்வையின் விதி. அகத்திணை மரபு இதை நன்றாக அறிந்திருக்கிறது. வாய்க்குள் முணுமுணுக்கப்பட்டால் அம்பல், ஊரறியப் பேசப்பட்டால் அலர். அலர் எழுந்தால் பெண்ணுக்கு இற்செறிப்பு. இரவுக்குறிக்கு வருகிற தலைவனுக்குத் தடையாகத் தூங்காத தாயும் குரைக்கும் நாயும் காவலரும் நிலவும் வரிசையாக நிற்பார்கள். காதலின் இலக்கணம் என்று நாம் படித்துத் தேர்வு எழுதியதைக் கண்காணிப்பின் இலக்கணமாகவும் வாசிக்க முடியும். யார் யாரோடு எந்த நேரத்தில் எந்த வழியில் என்ற கணக்கை வைத்துக்கொள்ள ஊருக்கு என்றைக்குமே இயந்திரம் தேவைப்பட்டதில்லை.

அப்படியானால் கேமரா புதிதாகச் செய்தது என்ன? திண்ணையில் இருந்தவனை எதிர்த்துப் பார்க்க முடியும். ‘இன்னா பாக்கற?’ என்று கேட்க முடியும். கேட்டவர்கள் அடிபட்டார்கள், ஆனாலும் கேட்டார்கள். ஒரு தலைமுறையின் தலித் அரசியலே அந்தப் பார்வையைத் திருப்பிப் பார்த்த அரசியல்தான். இப்போது திண்ணை இல்லை. காம்பவுண்டு சுவர், கிரில் கேட், மேலே ஒரு கண். அதை முறைத்துப் பார்த்தால் அந்த முறைப்பும் பதிவாகும்: ‘சந்தேகத்துக்கு இடமான நபர்.’ பழைய துணி வாங்க வருபவர், கீரை விற்பவர், வயல்வேலைக்குப் போகிற இருளர் பெண், காலனியிலிருந்து குறுக்குவழியாக வரும் பள்ளிப்பிள்ளை, எல்லோரும் முதலில் படமாகிறார்கள், அப்புறம்தான் ஆளாகிறார்கள். படம் தெரு வாட்ஸப் குழுவுக்குப் போகிறது. கீழே ஒருவர் எழுதுகிறார்: ‘யாருன்னு தெரியுதா?’ அலருக்குப் புதிய வாகனம் கிடைத்துவிட்டது.

இதன் எல்லை எதுவரை போகும் என்பதற்கு 2018 இருக்கிறது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி தமிழ்நாட்டிலும் பரவிய அந்த மே மாதம், போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த அறுபதைத் தாண்டிய ஒரு பெண், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு இந்தியாவின் பல பகுதிகளில் சுற்றிய ஒரு காட்சியில், மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பார்த்தால் சிசிடிவி பதிவு மாதிரியே இருக்கும். அது கராச்சியில் ஒரு குழந்தைகள் அமைப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். தூக்கிப் போனவர்களே குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு ஒரு வாசக அட்டையைக் காட்டுகிற கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். ‘கேமரா பொய் சொல்லாது’ என்பது பொதுப்புத்தி. கேமரா சொல்லாமலிருக்கலாம். எங்கே தொடங்கி எங்கே வெட்டுவது என்று முடிவு செய்கிறவன் சொல்வான்.

வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணுக்கு நடப்பதும் இதே வெட்டல்தான். சங்கிலி காணவில்லை. அவள் அறைக்குள் போன பத்து விநாடிக் காட்சி இருக்கிறது. அன்று அந்த அறைக்குள் போன மற்ற எல்லோரின் காட்சியும் அதே பெட்டிக்குள் இருக்கிறது. அவளுக்குக் காட்டப்படுவது பத்து விநாடி மட்டும். 2007இல் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு நல வாரியம் அமைந்தது. அவர்களுடைய பகல் முழுவதையும் பதிவு செய்கிற பெட்டியின் மேல் அவர்களுக்கு என்ன உரிமை என்று யாரும் பேசவில்லை.

4

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்டு, மறுநாள் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்த கோகுல்ராஜ் ஒரு தலித் இளைஞர். அந்த வழக்கில் முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். கோயில் கேமராக் காட்சியில் இருப்பது தானல்ல என்று நீதிமன்றத்திலேயே மறுத்தார். அந்தச் சாட்சியின் மேல் எத்தனை கண்கள் இருந்தனவோ, நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். காட்சி நின்றது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, 2023 ஜூனில் உயர்நீதிமன்றம் அவர் தண்டனையை உறுதி செய்தது. சாதி மனிதச் சாட்சியை மிரட்ட முடிந்தது, பதிவை மிரட்ட முடியவில்லை. கேமராவே ஆதிக்கம் என்று ஒரே மூச்சில் முடிக்கிறவர்கள் இந்த வழக்குக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஐந்தாண்டு கழித்துச் சாத்தான்குளம். 2020 ஜூன் 19 இரவு. ஊரடங்கு நேரத்துக்கு மேல் செல்போன் கடையைத் திறந்துவைத்தார்கள் என்று ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் பிடித்துப்போகப்பட்டார்கள். கடை முன்னால் கூட்டமாக நின்று தகராறு செய்தார்கள், தரையில் உருண்டதால் காயம் பட்டது என்று போலீஸ் எழுதியது. அக்கம்பக்கக் கேமராவில் பதிவான காட்சி வெளியே வந்தபோது அப்படியொரு உருளலே அதில் இல்லை. ஸ்டேஷனுக்குள் என்ன நடந்தது என்பதற்கு ஸ்டேஷனிலும் கேமரா இருந்தது. விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட் உயர்நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் எழுதியது இது: ஹார்ட் டிஸ்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள்.

ஒரு டெராபைட் என்றால் என்ன? சாதாரண இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்று, விநாடிக்கு இரண்டு மெகாபிட் வீதம் எழுதினால், ஒரு நாளைக்குச் சுமார் 21 ஜிகாபைட் ஆகும். நாலு கேமராவுக்கு 86. அப்படியானால் பதினோரு நாளுக்குக் குறையாமல் நிற்கும், அதன் பிறகே பழையது அழிந்து புதியது ஏறும். வாலாஜாபாத்தில் தண்ணீர்கேன் கடைக்காரர் வைத்திருக்கும் பெட்டியே பத்து நாள் ஞாபகம் வைத்திருக்கும். போலீஸ் ஸ்டேஷனின் ஞாபகம் ஒரு நாள்தான். இயந்திரம் மறக்கவில்லை, மறக்கச் சொல்லி அமைத்திருந்தார்கள். ஒரே இரவு, இரண்டு கேமரா. ஒன்றின் அழிக்கும் பொத்தான் அதிகாரத்தின் கையில் இல்லை, அதனால் பேசியது. மற்றது ஊமையானது.

2020 டிசம்பர் 2இல் உச்சநீதிமன்றம் நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும், ஒலியோடு பதிவாக வேண்டும், 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது, பதிவைக் காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம், ஸ்டேஷன் கேமராக்கள் வேலை செய்யவில்லை என்று வந்த செய்தியைப் பார்த்துத் தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. நம் வீட்டு வாசல் கேமரா மட்டும் மழையிலும் வேலை செய்கிறது.

5

சட்டம் வீட்டுக்கு எதுவரை வருகிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். அதையொட்டி 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் மூன்றாம் பிரிவு, ஒருவர் தன் சொந்தக் காரியத்துக்கோ வீட்டுக் காரியத்துக்கோ கையாளும் தரவுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று விலக்கிவிடுகிறது. இந்த வாசகம் நமக்குப் புதிதா? ‘இது எங்க வீட்டு விஷயம்’ என்று சொல்லித்தான் அடியும் உதையும் இத்தனை காலம் சட்டத்துக்கு வெளியே நின்றன. பெண்கள் இயக்கம் அந்தக் கதவைத் தட்டித்தட்டி 2005இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வரை கொண்டுவந்தது. கதவின் மேல் மாட்டிய கண் விஷயத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறோம்.

செக் நாட்டில் ஒரு வீட்டுக்காரர். யாரோ அவர் வீட்டைத் தாக்கிக்கொண்டே இருந்தார்கள். கூரைக்குக் கீழே கேமரா மாட்டினார். அது தன் வாசலையும், தெருவையும், எதிர்வீட்டு வாசலையும் பார்த்தது. 2007இல் ஜன்னலை உடைத்தவர்கள் அதில் மாட்டினார்கள். மாட்டியவர்களில் ஒருவர், தெருவில் போன என்னை எப்படிப் பதிவு செய்யலாம் என்று கேட்டார். 2014 டிசம்பர் 11இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது: பொதுத்தெருவைப் பார்க்கிற கேமரா ‘முற்றிலும் வீட்டுக் காரியம்’ ஆகாது, தரவுச் சட்டம் அதற்கும் பொருந்தும். வீட்டுக்காரரின் உயிர், உடைமை அச்சத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. கேமராவைக் கழற்றச் சொல்லவில்லை, பதில் சொல்லக் கடமைப்பட்டது என்றது. இங்கே 2025இல் கொல்கத்தா உயர்நீதிமன்றம், சேர்ந்து குடியிருக்கும் வீட்டுக்குள் மற்றவரின் சம்மதமில்லாமல் கேமரா ஓடக்கூடாது என்று தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது.

உள்ளூர் உதாரணம் வேண்டுமென்றால் வாலாஜாபாத்திலிருந்து பஸ் ஏறினால் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகள். ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். அது நிலமும் வேதமும் உள்ள பிராமணரின் சபை. சேரிக்கும் பெண்ணுக்கும் அதில் ஓலை கிடையாது. இதைச் சொல்லாமல் அந்தக் கல்வெட்டைப் புகழ்வது மோசடி. ஆனாலும் அதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கணக்குக் காட்டாதவர் மறுபடி பதவிக்கு வரக்கூடாது, அவர் உறவினரும் கூடாது. தங்களுக்குள்ளேயே ஒருவரையொருவர் நம்பாத சொத்துக்காரர்கள் கண்டுபிடித்த விதி இது: பதிவைக் கையாளும் கையே முதலில் பார்வைக்கு வர வேண்டும். இந்த விதியைச் சபையிடமிருந்து பிடுங்கித் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறேன்.

கொண்டுவருவதென்றால் என்ன அர்த்தம்? கேமராவின் முகம் தன் கேட்டோடு நிற்க வேண்டும். தெருவைப் பார்த்தால் ‘கண்காணிக்கப்படுகிறீர்கள்’ போதாது, பார்ப்பவரின் பெயரும் நம்பரும் பலகையில் இருக்க வேண்டும். அந்தச் செயப்பாட்டு வினைக்குக் கருத்தாவைத் திருப்பித் தர வேண்டும். வேலைக்கு வருகிற பெண்ணுக்கு முதல் நாளே சொல்ல வேண்டும். அவள் மேல் பழி வந்தால் வெட்டிய துண்டல்ல, அன்றைய முழுப் பதிவையும் அவளும் அவள் சங்கமும் பார்க்க உரிமை வேண்டும். வீட்டில் வயதுவந்த எல்லோரின் போனிலும் ஒரே அளவு அதிகாரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யார் போனிலும் வேண்டாம். 2023 சட்டத்தின் வீட்டு விலக்கு, கேட்டைத் தாண்டிப் பார்க்கும் கேமராவுக்குச் செல்லாது என்று திருத்தம் கேட்க வேண்டும். ஸ்டேஷன் பதிவைக் கேட்டு வாங்கும் போராட்டமும் இதுவும் தனித்தனி அல்ல. திருடனும் இந்த உரிமையைப் பயன்படுத்துவானே என்பார்கள். பயன்படுத்தட்டும். செக் நாட்டில் பயன்படுத்தினான். அதனால் அந்த வீட்டுக்காரரின் பயம் பொய் என்று யாரும் சொல்லிவிடவில்லை.

இதையெல்லாம் தெருவில் போய்ப் பேசுவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. நம் சங்க அலுவலகங்களிலும் இயக்க அலுவலகங்களிலும் இப்போது கேமரா மாட்டியிருக்கிறோம். கூட்டத்துக்கு யார் வந்தார்கள், யாரோடு வெளியே போனார்கள் என்பது அங்கே பத்து நாள் கிடக்கிறது. அந்தப் பெட்டிக்கு யார் அட்மின், மாட்டிய பையனின் போனிலிருந்து அதை நீக்கியாகிவிட்டதா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள், தொடர்ந்து விவாதிப்போம்.